வகுப்பறையைக் கடைசியில் காட்டாதீர்கள்: ஆசிரியர் கல்விக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர் கல்விக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், யாருக்கு இடம் கொடுப்பது என்று முடிவெடுக்கும் சேர்க்கைக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் பள்ளியில் கணக்கு நடத்துகிற ஆசிரியை. உங்கள் மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்கு வரும்போது வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவர் பெயர் படிவத்தில் இருக்கும் இல்லையா, 14 ஆண்டுகளாக அந்த இடத்தில் இருக்கிறேன். நீங்கள் சேர்த்துக்கொண்டவர்களை, நீங்கள் பாடம் நடத்தித் தேற்றியவர்களை, குழந்தைகளுக்கு முன்னால் முதன்முதலாக நிற்கும் அந்த நாளில் பார்ப்பது நான்தான். அதனால் உங்களிடம் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன.

ஒரு பயிற்சி ஆசிரியை வந்திருந்தார். பட்டப்படிப்பில் மிக நல்ல மதிப்பெண், உங்கள் படிப்பிலும் எல்லாத் தாளிலும் முதல் வரிசை. மூன்றாவது வாரம் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து, நோட்டுக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார்: "மேடம், எனக்கு இது பிடிக்கலை. காலையில எழுந்தாலே பயமா இருக்கு. ஆனா இப்பப் போய் யார்கிட்டச் சொல்றது? இன்னும் ஒரு பருவம்தானே பாக்கி." அவர் சொன்னதில் பொய் இல்லை, சோம்பல் இல்லை. குழந்தைகள் சத்தத்தில் அவருக்குத் தலை சுற்றியது. ஒரே விஷயத்தை மூன்று விதமாகத் திருப்பிச் சொல்வது அவருக்குச் சித்திரவதையாக இருந்தது. ஆராய்ச்சிக்குப் போயிருந்தால் மிக நன்றாக வந்திருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் படிப்பை முடித்தார், பட்டம் வாங்கினார், வேலைக்கும் போனார். இன்று ஏதோ ஒரு வகுப்பில் தினமும் பயத்தோடு நுழைந்துகொண்டிருப்பார். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

இது அவருடைய தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சேரும்போதும் யாரும் கேட்கவில்லை, நடுவிலும் யாரும் கேட்கவில்லை. நிஜமான வகுப்பறையை அவருக்குக் காட்டியபோது திரும்பிப் போக வழியில்லாத இடத்துக்கு வந்துவிட்டிருந்தார். நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். வகுப்பறையைக் கடைசியில் வைக்காதீர்கள்.

சேர்க்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பாடம் தெரியாதவர் பாடம் நடத்தக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மதிப்பெண் காட்டுகிற அறிவும் வகுப்பில் தேவைப்படுகிற அறிவும் ஒன்றல்ல. கணிதத்தில் பட்டம் பெற்ற ஒரு பயிற்சி ஆசிரியர், பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று ஒரு பையன் கேட்டதும், "அதுதான் விதி" என்றார். ஆறுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று கேட்டிருந்தால் அந்தப் பையனே 12 என்று எண்ணிச் சொல்லியிருப்பான். கணக்குப் போட அவருக்குத் தெரியும். அந்தக் கணக்குக்குள் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே தடுக்கி விழுவான் என்பது தெரியவில்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவும் இல்லை, அவரிடம் அது இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவும் இல்லை.

சோதிப்பது பெரிய காரியமும் இல்லை. விண்ணப்பிக்க வந்தவர் கையில் ஒரு குழந்தையின் விடைத்தாளைக் கொடுங்கள். 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. "தப்பு" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். "கவனக்குறைவு" என்பார்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது, பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது" என்று சொல்பவரும் ஒருவர் இருப்பார். அவர் எனக்கு வேண்டும். அவருடைய மதிப்பெண் இரண்டு சதவீதம் குறைந்திருந்தாலும் எனக்கு அவர்தான் வேண்டும். மொழிப்பாடத்துக்கு, அறிவியலுக்கு, வரலாற்றுக்கு எல்லாம் இதே மாதிரி ஒரு தாள் தயாரிக்கலாம், எங்களிடம் கேட்டால் பெட்டி பெட்டியாகத் தருவோம். பின்லாந்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் படிப்புக்கு எழுத்துத் தேர்வோ பள்ளியிறுதி மதிப்பெண்ணோ முதல் கட்டம்தான். அதைத் தாண்டியவர்களிடம் பேசி இந்த வேலைக்குப் பொருந்துவாரா என்று பார்த்த பிறகுதான் இடம். விண்ணப்பங்கள் குவியும் இடத்திலேயே அதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களிடம் வருகிற ஒவ்வொருவரும் ஆசிரியர் வேலை என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஒருவர் பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களோடு செலவிட்டிருப்பார். ஆனால் அத்தனை மணி நேரமும் பெஞ்சிலிருந்து பார்த்தது. முந்தின இரவு ஆசிரியர் எதை விட்டுவிட்டு எதை எடுத்தார், ஏன் அந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்காமல் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டார் என்பதெல்லாம் பெஞ்சிலிருந்து தெரியாது. தெரியும் என்ற நினைப்போடு வந்தவருக்கு நிஜத்தைக் காட்டத்தான் சீக்கிரமே வகுப்பறைக்கு அனுப்ப வேண்டும் என்கிறேன். பாடம் நடத்த அனுப்ப வேண்டாம். முதல் பருவத்திலேயே, வாரம் ஒரு நாள், கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும். நோட்டுத் திருத்தட்டும், பின்தங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரட்டும், வகுப்பு முடிந்ததும் "அந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்" என்று எங்களிடம் கேட்கட்டும்.

உங்கள் கல்லூரிகளில் நுண்ணிலைக் கற்பித்தல் இருக்கிறது, தெரியும். நானும் செய்துதான் வந்தேன். பாட அறிமுகத் திறன், மேலும் மேலும் கேட்டு விடையை வரவழைக்கும் கிளர்வினாத் திறன், வலுவூட்டும் திறன் என்று ஒவ்வொன்றாக, ஐந்தாறு நிமிடம், எதிரே என் தோழிகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கேள்வி கேட்டாலும் சரியான விடை வரும், ஏனென்றால் அடுத்து அவர்கள் முறை. இந்த முறை 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானபோது எதிரே உட்கார்ந்தவர்கள் நிஜமான பள்ளி மாணவர்கள். நடத்திவிட்டு, குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொண்டு, அதே பாடத்தை வேறு சில மாணவர்களுக்குத் திரும்ப நடத்த வேண்டும். அந்தத் திரும்ப நடத்துவதில்தான் கற்றுக்கொள்வதே இருக்கிறது. நாம் அதன் பெயரையும் திறன்களின் பட்டியலையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டோம். ஐந்து பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், எந்தப் பள்ளியும் மறுக்காது.

வாரக்கணக்கு போதுமா என்று ஒரு வாதம் எப்போதும் நடக்கிறது. இந்தியாவில் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கியபோது பள்ளியில் 20 வாரம் என்று வைத்தன, முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. இங்கிலாந்தில் பட்டம் முடித்தவர்கள் சேரும் ஆசிரியர் பயிற்சியில் நீண்ட காலம் குறைந்தது 24 வாரம் என்று இருந்தது. எண்ணிக்கையில் எனக்குப் பெரிய குறை இல்லை. அந்த வாரங்கள் படிப்பில் எங்கே விழுகின்றன என்பதும், அந்த வாரங்களில் யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதும்தான் எனக்கு முக்கியம்.

பக்கத்தில் யார் இருக்கிறார்? சொல்கிறேன். மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர் ஒரு பயிற்சிக் காலத்தில் இரண்டு முறை வருவார், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். அவர் மேல் குறை இல்லை, அவருக்குப் பத்துப் பள்ளிகள். அந்த இருபது நிமிடத்தில் பெரும்பகுதி ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டுவதில் போகிறது. பாடக்குறிப்பு எத்தனை எழுதியிருக்கிறார், துணைக்கருவி படம் ஒட்டியிருக்கிறாரா, தலைப்புகளுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறாரா. பயிற்சி ஆசிரியர்கள் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து, போன ஆண்டு சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள், காலையில் தூக்கக் கலக்கத்தோடு வகுப்புக்கு வருகிறார்கள். மறுநாள் வகுப்பில் என்ன நடந்தது, எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை, அதனால் அடுத்த பாடத்தை எப்படி மாற்றினேன் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நாற்பது பாடக்குறிப்புகளை விட அது எவ்வளவோ மேல். அதைப் பார்த்து எழுதவும் முடியாது.

பயிற்சிக் காலம் முழுவதும் உடன் இருப்பது வழிகாட்டி ஆசிரியர். அவரிடம் என்ன கேட்கிறீர்கள்? ஒரு கையெழுத்து. ஒருமுறை ஒரு பயிற்சி ஆசிரியரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நல்ல பையன், பாடம் தெரியும், ஆனால் மெதுவாகக் கற்கும் பிள்ளைகளைக் கேலி செய்கிறார், இதைப் பேசித் திருத்தாமல் தேர்ச்சி கொடுக்காதீர்கள் என்று. பதில் வரவில்லை. கேட்டபோது அகமதிப்பீட்டு மதிப்பெண் ஏற்கெனவே போட்டு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். அன்று எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை, வேறு கல்லூரிகளிலும் இதேபோல நடந்ததை மற்ற பள்ளி ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதன் மறுபக்கமும் நடக்கிறது, அதுவும் எனக்குச் சமமாக வலிக்கிறது. தடுமாறுபவர்களுக்கு எங்கே தடுமாறுகிறார்கள் என்று சொல்லாமல் கீழே தள்ளுவது. ஒரு பெண்ணின் மதிப்பீட்டுத் தாளில் "முன்னேற்றம் தேவை" என்றும், "ஆசிரியருக்குரிய ஆளுமை போதாது" என்றும் எழுதியிருந்தது. அவ்வளவுதான். அந்தப் பெண் அதை என்னிடம் காட்டி, "ஆளுமைன்னா என்ன மேடம், நான் எதை மாத்தணும்?" என்று கேட்டார். என்னிடமும் பதில் இல்லை. அவருக்குக் குரல் மெல்லியது, அதைத்தான் யாரோ அப்படி எழுதியிருக்கிறார்கள். மெல்லிய குரலில் வகுப்பையே கட்டிப்போட்ட ஆசிரியர்களிடம் நான் படித்திருக்கிறேன்.

அவருடைய உண்மையான சிக்கல் வேறு. கேள்வி கேட்டதும் விடையையும் அவரே சொல்லிவிடுவார். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். மூன்று விநாடி காத்திருந்தால் பிள்ளைகள் சொல்லும் பதில் நீள்கிறது, பதிலே சொல்லாதவர்களும் பேச ஆரம்பிக்கிறார்கள். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இரண்டு வாரம் நான் பின்னால் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணுவேன், அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். மூன்றாவது வாரம் என் விரல் தேவைப்படவில்லை. அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை எழுந்து, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்றது. தப்பான விடைதான். அந்தப் பெண் "எப்படி வந்தது, சொல்லு" என்று கேட்டார், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டினேன் என்று பிள்ளை சொன்னது, "அரையே ஐந்தில் இரண்டை விடப் பெரிதாச்சே, இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்?" என்று அவர் கேட்க, வகுப்பே பேச ஆரம்பித்துவிட்டது. ஆளுமை போதாது என்று எழுதப்பட்டவர் இவர். ஒரு வரியில் சரியாகச் சொல்லியிருந்தால் முதல் பயிற்சியிலேயே இதைப் பிடித்திருப்பார்.

ஆகவே கேட்கிறேன். எதைப் பார்த்து அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறீர்கள் என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள், யாருக்கும் புரிகிற சொற்களில். முதல் ஆண்டின் முடிவில் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசுங்கள், கல்லூரி ஆசிரியர் ஒருவர், வழிகாட்டி ஆசிரியர் ஒருவர், நடுவில் அந்த மாணவர். தொடர விருப்பமா என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அவர் சொல்வதை நம்புங்கள். வேண்டாம் என்பவருக்கு அதுவரை படித்த தாள்களை வேறு படிப்பில் ஏற்றுக்கொள்ள வழி செய்யுங்கள், தோற்றுப்போனவர் என்ற பெயர் இல்லாமல் வெளியே போகட்டும். சம்பளமில்லாத பயிற்சி வாரங்களில் வீட்டையும் பகுதிநேர வேலையையும் இழுத்துக்கொண்டு ஓடுபவர்கள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். பயிற்சிப் பள்ளியை ஒதுக்கும்போது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் பாதிப் பேர் வருகைப்பதிவுக்காகக் கெஞ்சி நிற்க வேண்டியிருக்காது.

நாங்களும் எங்கள் பக்கம் மாற வேண்டும். பயிற்சி ஆசிரியர் வந்தால் வகுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு ஓய்வறைக்குப் போகிற வழிகாட்டி ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை எங்கள் பள்ளியில் நிறுத்துவது என் பொறுப்பு.

அடுத்த பருவம் தொடங்கும்போது என் வகுப்பின் பின்வரிசையில் இரண்டு நாற்காலிகள் போட்டு வைக்கிறேன். இறுதிப் பருவ மாணவர்கள் எப்படியும் வருவார்கள். இவை நேற்றுத்தான் சேர்ந்த இருவருக்கு. ரெக்கார்டு நோட்டு எதுவும் கொண்டுவர வேண்டாம், காலை முதல் மணி அடிப்பதற்குள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கும் ஒரு கணக்கு ஆசிரியை