‘வெறும்’ ஆல்-ஓவர் என்று சொல்லாதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ஃபோனில் நீ சொன்ன ஒரு வார்த்தை ராத்திரி முழுக்க மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. “வெறும் ஆல்-ஓவர் போட்டுவிட்டால் இத்தனை மாசம் உட்கார்ந்து தைத்ததெல்லாம் வீணாகிவிடாதா அக்கா?” என்று கேட்டாயே, அந்த ‘வெறும்’தான். அப்போதே பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நீ அவசரமாகப் போக வேண்டியதாகிவிட்டது. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன். குயில்ட்டின் மேல் துணியைத் தைத்து முடித்து, மடித்து வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று உன்னைப்போலவே தவிக்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் பொதுவிலேயே வைக்கிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். குயில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்த மேல் துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு அடுக்கு, கீழே அடித்துணி, மூன்றும் சேர்ந்த போர்வை. அந்த மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குயில்ட்டிங், ஆல்-ஓவரும் கஸ்டமும் அதில் இரண்டு வழிகள். ஆல்-ஓவர் என்றால் சுழலோ இலையோ அலையோ ஏதோ ஒரே வடிவம், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை வரிசை வரிசையாக ஓடும். அடியில் எந்த பிளாக் (மேல் துணியில் இணைத்த கட்டம்) இருக்கிறது, பார்டர் எங்கே தொடங்குகிறது என்றெல்லாம் பார்க்காது. லாங்ஆர்ம் என்கிற பெரிய குயில்ட்டிங் இயந்திரத்தில் குயில்ட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள், இயந்திரத்தின் தலைதான் தண்டவாளத்தில் நகரும். காகிதச் சுருளில் உள்ள கோட்டை லேசர் புள்ளியால் பின்தொடர்ந்து ஓட்டுவார்கள், இல்லையென்றால் கணினியே ஓட்டிக்கொள்ளும். கஸ்டம் அப்படி இல்லை. ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி யோசனை. இணைப்பின் பள்ளத்திலேயே ஓடும் தையல், நட்சத்திரத்துக்குள் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடுகள், பார்டரில் இறகு வடிவத் தையல், பின்னணியில் கூழாங்கல் மாதிரி குட்டிக் குட்டி வட்டங்கள். அடிக்கடி நிறுத்த வேண்டும், நூல் மாற்ற வேண்டும், முனைகளை முடிந்து உள்ளே புதைக்க வேண்டும். அதனால்தான் ஆல்-ஓவரில் ஒரு நாளில் இறங்கிவிடுகிற குயில்ட், கஸ்டத்தில் வாரக்கணக்கில் சட்டத்திலேயே கிடக்கும், கூலியும் சில மடங்கு ஏறும்.

இப்போது உன் குயில்ட்டுக்கு வருவோம். 60க்கு 80 அங்குலம். பையனின் பழைய சட்டைகள், தலையணை உறைகள், நீ சேர்த்து வைத்திருந்த துண்டுகள் எல்லாவற்றையும் இரண்டரை அங்குலத்துக்கு வெட்டி, தைத்த பிறகு இரண்டு அங்குலமாக நிற்கிற 1200 சதுரங்கள். கட்டம், பூ, கோடு, டைனோசர், ராக்கெட், ஒன்று விடாமல் எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் எவ்வளவு நேர்த்தியாக இறகு போட்டாலும் கண் அதைத் தேடிப் போகாது. குயில்ட்டிங் கோடு நமக்குத் தெரிவதே நிழலால்தான்: தைத்த இடம் பள்ளமாகிறது, பக்கத்தில் பேட்டிங் மேடாகிறது, அந்த மேடு பள்ளத்தில் விழுகிற வெளிச்சம்தான் வடிவமாகத் தெரிகிறது. ஒரே நிறத் துணியில் அது பளிச்சென்று எழும். டைனோசர்மேல் எழாது.

இணைப்புகளின் பள்ளத்தில் மட்டுமாவது தைக்கச் சொல்லலாம் என்றாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளவாக்கில் 29 கோடு, குறுக்கே 39 கோடு, மொத்தம் 4660 அங்குலம், கிட்டத்தட்ட 118 மீட்டர். நன்றாக வந்தால் கண்ணுக்கே தெரியாமல் இணைப்புக்குள் ஒளிந்துகொள்கிற தையல் அது. கொஞ்சம் விலகினாலும் உடனே தெரியும். 118 மீட்டருக்கு அந்தக் கவனத்தை யாரிடம் கேட்டு வாங்கப் போகிறாய், எதற்காக?

அம்மாவுக்கு நான் தைத்த நீலக் குயில்ட் நினைவிருக்கிறதா? அதைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. அம்மாவுக்கு என்பதால் எதையும் குறைக்கக்கூடாது என்று இருந்தேன். நடுவில் பின்னணி முழுக்க கால் அங்குல வட்டங்கள், இடைவெளியே இல்லாமல். பார்டருக்கு வரும்போது கை ஓய்ந்துபோய், நாலைந்து அங்குலத்துக்கு ஒரு கோடு என்று முடித்துவிட்டேன். தையல் ஒவ்வொன்றும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும், இல்லையா? நெருக்கமாகத் தைத்த நடுப்பகுதி சுருங்கிவிட்டது, தளர்வாக விட்ட பார்டர் சுருங்கவில்லை, விளிம்பு முழுக்க அலை அலையாக நின்றது. ஆவியில் அழுத்தி, விளிம்பை நேராக வெட்டி ஓரளவு சரிசெய்தேன். ஆனால் நடுப்பகுதி அட்டை மாதிரி இறுகிப் போனதை எதுவும் செய்ய முடியவில்லை. அம்மா தடவித் தடவிப் பார்த்தாள், “அழுக்காகிவிடும்டி” என்று அலமாரியில் வைத்துவிட்டாள். கடைசிவரை அவள் போர்த்திக்கொண்டது எது தெரியுமா, நான் தைக்கக் கற்றுக்கொள்ளும்போது செய்த, மூலைகள் சரியாகச் சேராத, ஒரே சுழல் ஓடுகிற அந்தப் பழையதைத்தான். அது தோளில் விழும், காலைச் சுற்றி மடியும். நீலம் விறைத்துக்கொண்டு நிற்கும். மரியாதைக்காக எடுத்து வைத்திருக்கிறாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். போர்த்திக்கொள்ள வசதியில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

உன் பையன் அதைத் தரையில் விரிப்பான், சோபாவுக்கு இழுத்துக்கொண்டு போவான், நீ அடிக்கடி துவைக்கப் போகிறாய். நெருக்கத்தைப் பற்றிப் பயப்படாதே, எவ்வளவு இடைவெளிவரை விடலாம் என்று பேட்டிங் உறையிலேயே போட்டிருக்கும். நடுவில் மெல்லிய வலை வைத்த சில பருத்தி பேட்டிங்குகளுக்கு 10 அங்குலம்வரைகூடத் தாங்கும், வலை இல்லாதவற்றுக்கு மூன்று நான்கு அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. ஆல்-ஓவரில் இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவு, அதனால் குயில்ட் தட்டையாகக் கிடக்கும். ஒரு வரிசை முழுக்க நூல் அறுபடாமல் ஓடுவதால், துவைக்கத் துவைக்கப் பிரிந்து வரக்கூடிய முனைகளும் குறைவு. அப்புறம் முதல் துவையலில் பருத்தி பேட்டிங் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும்போது, கோடுகளுக்கு நடுவில் துணி மெதுவாக உப்பிச் சுருக்கம் விழுமே, அதற்காகத்தானே நாம் இவ்வளவும் செய்கிறோம். உன் சதுரங்களின் மூலைகள் அங்கங்கே சேராமல் இருப்பதும் அதில் காணாமல் போய்விடும்.

ஆல்-ஓவர் இயந்திரம் வந்த பிறகு பிறந்த குறுக்குவழி என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. கையால் தைத்த காலத்திலேயே இருந்தது. பாப்டிஸ்ட் ஃபேன் என்று ஒரு வடிவம் உண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக வில் வில்லாக அடுக்கினது போல இருக்கும். அமெரிக்காவில் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து தைத்த பெண்கள், முழங்கையை ஊன்றி, கை எட்டுகிற அளவுக்கு அந்த வில்லை வரைந்து, அடியில் என்ன பிளாக் இருக்கிறது என்றே பார்க்காமல் தைத்துக்கொண்டு போனார்கள். அதே நாட்டில் ஆமிஷ் என்கிற எளிமையான கிறிஸ்தவ சமூகத்துப் பெண்கள் பூப்போட்ட துணியே இல்லாமல் பெரிய பெரிய ஒற்றை நிறப் பரப்புகளாக இணைத்தார்கள், அந்த வெற்றிடத்தில் இறகும் முறுக்குக் கயிறுமாகத் தைத்து நிரப்பினார்கள். எங்கே இடம் இருந்ததோ அங்கே வேலைப்பாடு போயிற்று. இயந்திரத் தையல் இரண்டாம் தரம் என்ற பேச்சும் பழையதாகிவிட்டது: 1989லேயே அமெரிக்காவில் படூகா நகரக் குயில்ட் கண்காட்சியில் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவர் இயந்திரத்தால் குயில்ட் செய்தது ஒட்டுமொத்த முதல் பரிசை வாங்கியது.

கஸ்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீ பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறாயே அந்த வெள்ளைக் குயில்ட், நாலு பறவையும் சுற்றிக் கொடியும் அப்ளிக் செய்தது (துணியில் வெட்டி மேலே வைத்துத் தைத்தது), அதை ஆல்-ஓவருக்குக் கொடுத்தால் நான் உன்னோடு சண்டை போடுவேன். சுழல் நேராகப் பறவையின் கண்மேல் ஏறி அலகைத் தாண்டிப் போகும். அப்படி ஒன்றை நானே கெடுத்திருக்கிறேன்: நடுவில் ஒரு பெரிய நட்சத்திரம், சுற்றிலும் வெறும் சாம்பல் துணி, செலவைப் பார்த்து ஆல்-ஓவர் போட்டேன். நட்சத்திரத்தின் கூர்முனைகள் சுழல்களுக்குள் மழுங்கிப்போயின, இன்றுவரை அதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. உன் பறவைகளை ஓரத்தையொட்டித் தைத்து மேலே எழுப்ப வேண்டும், வெளியே இரண்டு மூன்று கோடு அதே வடிவத்தில் எதிரொலி மாதிரி விரிய வேண்டும், அதற்கு வெளியே அடக்கமாக ஏதாவது ஒரு நிரப்பு போதும். முடிந்தால் கம்பளி பேட்டிங் வை, அது நன்றாக உப்பி நிற்கும். சுவரில்தானே மாட்டப்போகிறாய், கொஞ்சம் விறைப்பாக இருந்தால் நல்லதுதான். கஸ்டத்துக்கு வைத்திருக்கிற காசு அங்கே போகட்டும்.

சதுரக் குயில்ட்டுக்கு வளைவான வடிவமாகப் பார்த்து எடு. நேர்கோடு வடிவம் வேண்டாம், உன் இணைப்புகள் நேராக இல்லாத இடத்தையெல்லாம் அது காட்டிக்கொடுக்கும். நூல் 50ஆம் எண், வெளிர் சாம்பல் நிறம் (எண் ஏற ஏற நூல் மெலிசு, 40 வாங்கிவிடாதே, இவ்வளவு கலவையான துணிமேல் தனியாகத் துருத்தும்). அடித்துணி நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக, 68க்கு 88 இருக்க வேண்டும். மேல் துணியின் ஓரத்தைச் சுற்றி எட்டில் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி ஒரு தையல் ஓட்டிவிடு, இல்லையென்றால் அத்தனை இணைப்பும் விளிம்பில் வந்து முடிவதால் சட்டத்தில் இழுக்கும்போது பிரிய ஆரம்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது இரண்டையும் எடுத்து வா. வெள்ளையைப் பகல் வெளிச்சத்தில் விரித்து வைத்து, உட்கார்ந்து பென்சிலால் வரைந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா