முடிதிருத்தப் பயிற்சி தருவோர் கவனத்துக்கு

அண்ணன்மார், தம்பிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

சலூனோடு சேர்த்துக் கட்டணத்துக்கு வகுப்பு நடத்துவோரும் நடத்த யோசிப்போரும் கட்டாயம் வாசியுங்கள். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி, தொழிற்பயிற்சி தரும் நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். இதைப் பேசவே கூடுகிறோம்.

எப்போது: வருகிற செவ்வாய், 18ஆம் திகதி, பின்னேரம் 3 மணி. அன்று வேலை குறைவுதானே.
எங்கே: வெள்ளவத்தையில், வழமையாகக் கூடும் இடம்.

1. பதிவு வேறு, பாடநெறிக்கான அங்கீகாரம் வேறு. பதிந்தால் மட்டும் மாணவருக்கு என்.வி.க்யூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் கிடைக்காது. இதைப் பிள்ளைகளிடம் காசு வாங்கும் முன்பே சொல்லுங்கள். அதுதான் நியாயம்.

2. கைப்பழக்கம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், முன்கற்றல் அங்கீகாரம் (வேலையில் பழகிய திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை) வழியாக மதிப்பீட்டுக்குப் போகலாம். என்.வி.க்யூ மட்டம் 4 என்பது முழுத்தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்கானது. செய்து காட்டவும் வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்லவும் வேண்டும். இதற்குக் காட்ட ஒரு கோப்பு இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்: வேலை செய்த இடத்துக் கடிதம், வெட்டும்போது எடுத்த படங்கள். முடிந்த தலையை மட்டும் எடுக்காதீர்கள். புது பிளேட் மாற்றுவது, சீப்பு கழுவுவது, துவாய் மாற்றுவது எல்லாம் படத்தில் இருக்கட்டும்.

3. அடையாள அட்டைப் பிரதி, இருக்கிற சான்றிதழ்கள் கொண்டு வாருங்கள்.

4. பதிவு விண்ணப்பத்தை ஆணைக்குழுவின் நாரஹேன்பிட்டி அலுவலகத்தில் நேரடியாகக் கொடுங்கள். "எடுத்துத் தாறன்" என்று வருவோரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

வருவோர் ஞாயிறு இரவுக்குள் "வருவேன்" என்று இங்கே போடுங்கள். வகுப்பு நடத்துவோர் "வகுப்பு" என்றும் சேர்த்துப் போடுங்கள், உங்களோடு தனியாகப் பேச வேண்டியிருக்கு.