பங்குக் கணக்கும் ஏஐயும்

ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவு (ஏஐ) வந்தபின் நிரல் எழுதுகிறவர்களுக்கு வேலையே இராது என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். பரந்தனில் இருந்து சின்னச் சின்ன மென்பொருள்கள் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன் நான். பயந்துகொண்டுதான் வாசித்தேன்.

போன சிறுபோகத்துக்கு (மழை குறைந்த காலத்து நெற்செய்கைக்கு) முன் ஒரு கமக்காரர் அமைப்பு என்னிடம் வேலை தந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் காணாது. எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் முடிவானதும் ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வேண்டும். சட்ஜிபிடியிடம் சொன்னேன். ஒரு நிமிடத்தில் நிரல் வந்தது, பிழையில்லாமல் ஓடியது. எனக்கென்றால் இரண்டு நாள் வேலை.

பட்டியலைச் செயலாளர் ஐயாவிடம் நீட்டினேன். "தம்பி, இந்த ஆள் செத்து நாலு வருசம்" என்றார். சரி, அந்தப் பங்கு எந்தப் பிள்ளைக்கு? இன்னொருவர் காணியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். பங்கு காணிக்காரருக்கா, செய்கிறவருக்கா? வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது, அவருக்கு மேல்பக்கம் இடம் கொடுக்க வேண்டும். இதில் ஒன்றையும் ஏஐ கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிறகு மூன்று பின்னேரம் செயலாளர் ஐயாவோடு தேத்தண்ணி குடித்துக் கேட்டு எழுதியதற்குத்தான் நான் காசு வாங்கினேன்.

அமெரிக்காவின் மெட்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2025இல் அனுபவமுள்ள 16 நிரலர்களை வைத்துப் பார்த்தது. ஏஐயோடு செய்தபோது அவர்களுக்கு 19 வீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 வீதம் நேரம் மிச்சம் என்று நம்பியிருந்தார்கள். கருவிகள் அதற்குப் பிறகு வளர்ந்துவிட்டன, அதனால் இதை வைத்து நான் மார்தட்டவில்லை.

எனக்குள்ள பயம் வேறு. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமே இருக்கிறது. அங்கிருந்தும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்தும் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் கை பழகுவது சின்ன வேலைகளில்தான். ஏஐ முதலில் எடுத்துக்கொள்வதும் அவற்றைத்தான். என்னிடம் பழக வருகிறவர்களுக்கு முன்பெல்லாம் இப்படியான பங்குக் கணக்கைத்தான் முதலில் கொடுப்பேன். இந்த முறை கொடுக்கவில்லை. அதைப்பற்றி உங்கள் கட்டுரையாளர் எழுதுவாரா?

வாசகன்,
பரந்தன்.