அடுத்த முறை பாடசாலைகள் மூடப்படுவதற்கு முன்: வட மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர், மாகாணக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர்கள் ஆகியோருக்கு,

மதிப்பிற்குரியீர்,

யாழ்ப்பாண மாவட்டத்தில் சாதாரண பாடசாலை ஒன்றோடு இணைந்த விசேட கல்வி அலகில் கற்பிக்கும் ஆசிரியை நான். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் விசேட தேவையுடைய எங்கள் மாணவர்களுக்குத் தொலைக்கல்வி ஏன் எட்டாமற்போனது என்பதையும், பாடசாலைகள் மீண்டும் மூடப்பட நேர்ந்தால் அவர்களுக்கென ஒரு திட்டம் எழுத்தில் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதையும் உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். தொற்று தணிந்து ஆண்டுகள் கழிந்த பின் இதை ஏன் எழுப்ப வேண்டும் என்று எவரேனும் கேட்கக்கூடும். நெருக்கடி வந்த பிறகு இந்தப் பிள்ளைகளை நினைவுகூர எவருக்கும் நேரம் இருப்பதில்லை என்பதை நாங்கள் கண்டுவிட்டோம். ஆகவே அமைதியான காலத்தில்தான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டன. யாழ்ப்பாணம் அதிக அபாயமுள்ள மாவட்டங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டதால் இங்கே ஊரடங்கு இடைவிடாது நீடித்தது. யூலையில் கட்டங்கட்டமாகத் திறந்தவை ஒக்டோபரில் மீண்டும் மூடப்பட்டன. 2021 ஏப்ரல் இறுதியில் மறுபடியும் மூடப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரிலிருந்தே படிப்படியாகத் திறக்கப்பட்டன. அதன் களைப்பு தீருமுன் 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டினால் ஆசிரியரும் மாணவரும் பாடசாலைக்கு வர இயலாது போயிற்று. கற்றல் அறுபடுவதற்குக் கிருமிதான் வரவேண்டும் என்றில்லை. வெள்ளமும் புயலும் எங்கள் மாகாணத்திற்குப் புதியவை அல்ல.

அந்த நாட்களில் தொலைக்கல்வி என்ற பெயரில் நடந்தவை சூம் வகுப்பும், வட்ஸ்அப் குழுவில் அனுப்பப்பட்ட செயலட்டைகளும், தொலைக்காட்சிப் பாடங்களும்தான். இருந்த வசதிகளைக் கொண்டு ஆசிரியர்கள் தம்மால் இயன்றதைச் செய்தார்கள். பலர் தங்கள் சம்பளத்திலேயே டேட்டா போட்டுப் படிப்பித்தார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும், பார்க்கவும் கேட்கவும் வாசிக்கவும் இயன்ற, ஓரிடத்தில் தானாக அமர்ந்து கவனிக்கக்கூடிய பிள்ளையை மனதில் வைத்தே அமைந்தது. இவற்றில் ஏதேனும் ஒன்று இயலாத பிள்ளைக்கு, வீட்டில் கைத்தொலைபேசியும் அதில் சிக்னலும் இருந்தாலும்கூட, பாடம் போய்ச் சேரவில்லை. கருவி இல்லாமை பற்றி நாங்கள் நிறையப் பேசினோம். கருவி இருந்தும் கல்வி எட்டாத பிள்ளைகளைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

செவிப்புலன் வலுவிழந்த பிள்ளைகளின் நிலையை முதலில் கூறுகிறேன். இவர்களில் பெரும்பாலானோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். விசேட பாடசாலைகளின் விடுதிகளில் தங்கிப் படிக்கும் இத்தகைய பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்து மட்டுமன்றி கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுடைய மொழி சைகைமொழி. அந்த மொழி உயிரோடு இருப்பது விடுதியிலும் வகுப்பறையிலும் விளையாட்டு மைதானத்திலும்தான். விடுதி மூடப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து, சாப்பாடு, தண்ணீர், குளிப்பு, தூக்கம் ஆகியவற்றுக்கு வீட்டார் வைத்திருக்கும் சில சைகைகளைத் தவிர, அந்தப் பிள்ளைகளோடு உரையாட அந்த வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. ஊரெல்லாம் முகக்கவசம் அணிந்திருந்ததால் உதட்டசைவைப் பார்த்து விளங்கிக்கொள்ளும் வழியும் அடைபட்டுப்போனது. ஏன் பாடசாலை இல்லை, ஏன் எவரும் வெளியே போவதில்லை என்ற மிக எளிய விளக்கத்தைக்கூடப் பெறாமல் மாதக்கணக்கில் இருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கணிதத்திலோ வரலாற்றிலோ விட்டுப்போன பாடத்தைப் பிறகு படிப்பித்துவிடலாம். சிறு வயதில் மொழியின்றிக் கழிந்த மாதங்களை ஈடுசெய்வது மிகக் கடினம் என்பதை இத்துறையில் பணியாற்றும் எவரும் சொல்வார்கள்.

இதற்குச் செய்யக்கூடியது இல்லாமலில்லை. சைகைமொழி தெரிந்த ஆசிரியர்கள், தெரிந்த பாடங்களையும் கதைகளையும் அன்றாட உரையாடல்களையும் குறுங்காணொளிகளாக எடுத்து, பெற்றோரின் தொலைபேசியில் சேமித்து வைக்கும்படி இப்போதே கொடுத்துவிடலாம். தாய்தந்தையருக்கும் சகோதரருக்குமான சைகைமொழி வகுப்புகளைத் தவணை விடுமுறைகளில் நடத்தலாம். மூத்த மாணவர்கள் தங்களுக்குள் காணொளி அழைப்பில் பேசிக்கொள்வதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பதையும் கற்பித்தலாகவே கணக்கிட வேண்டும். எமது மாகாணத்தில் புழங்கும் சைகைகள் நாட்டின் பிற பகுதிகளில் புழங்குவனவற்றோடு எல்லா வேளையும் ஒத்துவருவதில்லை. எனவே கொழும்பில் தயாரித்ததை அப்படியே இங்கு பயன்படுத்தலாம் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது.

விழிப்புலன் வலுவிழந்த மாணவர்களின் சிக்கல் வேறு விதமானது. அதில் ஒரு பகுதி முழுக்க முழுக்க எங்கள் கையிலேயே இருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கணினியில் என்விடிஏ, கைத்தொலைபேசியில் டோக்பேக் போன்ற திரைவாசிப்பு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழையும் அவை வாசித்துக் காட்டும். ஆனால் அந்தத் தமிழ், தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே கணினியில் பதியும் உலகப் பொதுமுறையான யூனிகோட் எழுத்தில் இருந்தால் மட்டுமே. எங்கள் பாடசாலைகளிலும் பணிமனைகளிலும் இன்றுவரை பெருமளவு தட்டச்சு பாமினி எழுத்துருவில் நடக்கிறது. பாமினியில் 'அம்மா' என்று தட்டச்சிட்டால், திரையில் எங்கள் கண்ணுக்கு 'அம்மா' தெரியும். கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. திரைவாசிப்பான் அந்தக் குறிகளைத்தான் உச்சரிக்கும். ஒரு பக்கச் செயலட்டை முழுவதும் இப்படியே ஒலித்தால் அந்தப் பிள்ளை எதைக் கற்கும்? பாடநூற் பக்கத்தைத் தொலைபேசியில் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பலன் இதுவே. படத்திற்குள் இருக்கும் எழுத்து திரைவாசிப்பானுக்கு எழுத்தாகத் தெரிவதில்லை.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மாணவருக்குச் செல்லும் ஒவ்வோர் ஆவணமும் யூனிகோட் எழுத்துருவில், எழுத்தாகவே அனுப்பப்பட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும், பழைய கோப்புகளை மாற்றும் முறையை ஆசிரியருக்குக் காட்டும் ஒரு நாட் பயிற்சியும் போதும். பார்வையுள்ள மாணவருக்கும் இதனால் நன்மையே. இன்னும் பிரெயிலில் படிக்கும் சிறு பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு மட்டும் போதாது. எழுத்துக்கூட்டலும் கணிதக் குறியீடும் விரல்நுனியால்தான் மனதில் படியும். அவர்களுக்குப் பிரெயில் தாளும் எழுதுபலகையும் வீட்டில் இருக்க வேண்டும். பாடங்கள் தபாலில் போய்வர வேண்டும். பார்வையற்றோருக்கான தபாற் பொருட்களுக்குக் கட்டணம் அறவிடாதிருப்பது உலகத் தபால் ஒன்றியத்தின் நெடுங்கால நியமம் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகிறேன்.

அடுத்து, நான் நாள்தோறும் பழகும் பிள்ளைகள். ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம், அறிவுசார் வளர்ச்சித் தாமதம் உடைய பிள்ளைகளுக்குப் பாடம் என்பது பெரும்பாலும் ஒழுங்கில் இருக்கிறது. ஒரே நேரத்துக்கு எழுவது, சீருடை அணிவது, வரிசையில் நிற்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, பொத்தான் பூட்டுவது, கைகழுவுவது என்று மெல்ல மெல்லக் கட்டியெழுப்பியவை, பாடசாலை திடீரென நின்றபோது சில வாரங்களிலேயே குலைந்துவிட்டன. எங்கள் அலகில் தன் பெயரைப் பார்த்து எழுதவும் 'வேண்டும்' என்று வாய்விட்டுக் கேட்கவும் பழகியிருந்த ஒரு சிறுவன், பாடசாலை திறந்து திரும்பி வந்தபோது பேச்சை முற்றாக விட்டிருந்தான். எதற்கும் தன் கையைக் கடித்துக்கொண்டான். அவனுடைய தாய் விடியற்காலையில் மீன்வாடியில் கூலிவேலைக்குப் போகிறவர். வகுப்புக் குழுவுக்கு வந்த செயலட்டைகளை அவர் ஒருநாளும் அழிக்கவில்லை. அவற்றை வைத்து என்ன செய்வதென்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் போகவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தொலைக்கல்வி என்றால் பெற்றோர் வழியாக நடக்கும் கல்வி என்றே நான் பொருள்கொள்கிறேன். திரைக்கு முன்னால் பிள்ளையை இருத்துவதை விட, தாயோடு அல்லது அம்மம்மாவோடு ஆசிரியை வாரந்தோறும் தொலைபேசியில் பேசி, அந்த வாரத்திற்கு ஒரேயொரு இலக்கைத் தீர்மானிப்பது பன்மடங்கு பயன் தரும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் தனித்தனிக் கடகத்தில் பிரித்துப் போடுவது தரம்பிரித்தற் பயிற்சிதான். கொடியில் உடுப்புக் காயப்போடுவது கைவிரல்களுக்கு நல்ல பயிற்சி. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தேவைக்கேற்பத் தனியே எழுதப்படும் தனியாள் கல்வித் திட்டம் இருக்குமானால், அதன் ஒரு பக்கத்தை 'வீட்டில்' என்ற தலைப்புடன் பெற்றோருக்கு விளங்கும் எளிய தமிழில் எழுதி, படங்களோடு இப்போதே அவர்களிடம் கொடுத்துவைக்க முடியும். பேச்சுமொழிச் சிகிச்சைக்கும் இயன்மருத்துவத்திற்கும் சென்றுவந்த பிள்ளைகளின் பயிற்சிகளையும் அதே பக்கத்தில் சேர்க்கலாம். இதற்குச் சுகாதாரத் திணைக்களத்தோடு ஒரு முன்னுடன்பாடு வேண்டும்.

உடல் இயக்கத்தில் மட்டும் தடையுள்ள மாணவர் சிலருக்கு இணையவழி வகுப்பு உண்மையில் நன்மையாகவே அமைந்தது; படிக்கட்டும் பேருந்தும் கழிப்பறையும் பற்றிய கவலையின்றி முதன்முறையாக அவர்கள் ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்கள். பாடசாலைகள் திறந்தவுடன் அந்த வழி அவர்களுக்கு அடைக்கப்பட்டது நியாயமில்லை. வர இயலாத நாட்களில் வீட்டிலிருந்து இணைவதற்கு அவர்களுக்கு நிரந்தர அனுமதி வேண்டும்.

சட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்தில் சேர்வதில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பற்றி 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை கல்வி உரிமையையும், 11ஆம் உறுப்புரை அனர்த்த காலங்களில் வலுவிழந்தோருக்கு அரசு வழங்க வேண்டிய பாதுகாப்பையும் கூறுகின்றன. பெருந்தொற்றுக் காலக் கல்வி இவ்விரு உறுப்புரைகளும் சந்திக்கும் இடம். நிர்வாகத்தில் இவற்றை நிறைவேற்றும் பொறுப்பு மாகாணத்தையும் சாரும்.

இந்த மண்ணில் கல்வி எந்தக் காலத்திலும் நின்றதில்லை என்று நாங்கள் பெருமையோடு சொல்கிறோம். போரினால் ஏற்பட்ட 1995 இடப்பெயர்வின்போது தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலையும் மாலையில் இன்னொரு பாடசாலையும் இயங்கின. மரநிழலிலும் குப்பிவிளக்கிலும் படித்தவர்கள் பல்கலைக்கழகம் சென்றார்கள். அந்தப் பெருமை உண்மையானது. அதில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் அது பரீட்சை எழுதக்கூடிய பிள்ளைகளை மட்டுமே எண்ணிய பெருமை. அதே இடப்பெயர்வுகளில் கேளாத, பார்க்காத, பேசாத பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், யார் அவர்களுக்குக் கற்பித்தார்கள் என்று எங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆகவே நான் கேட்பவற்றுள் முதன்மையானது ஒரு பதிவேடு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர் ஏதோவொரு வலுவிழப்புடன் வாழ்ந்தார்கள். ஆனால் ஒரு வலயத்தில் எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை, வீட்டில் தொலைபேசி பகலில் யாரிடம் இருக்கும், நெடுந்தீவு போன்ற இடங்களில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பவற்றைத் தேசியக் கணக்கெடுப்பு சொல்லாது. கிராம அலுவலரும் குடும்பநல உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் அறிந்திருப்பதை, பாடசாலையில் சேராத பிள்ளைகளையும் சேர்த்து, வலயக் கல்விப் பணிமனை ஒரே இடத்தில் எழுதி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, ஊரடங்கு அறிவிக்கப்பட்டால் விசேட கல்வி ஆசிரியரின் வீட்டுத் தரிசிப்பை அத்தியாவசிய சேவையாக ஏற்று அனுமதி வழங்க மாவட்டச் செயலகத்தோடு முன்கூட்டியே எழுத்தில் இணங்கியிருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், முற்றத்தில், இடைவெளி விட்டு அமர்ந்து படிப்பிப்பதில் பெரும் ஆபத்து எதுவும் இல்லை. அந்தந்த ஊரில் வசிக்கும் ஆசிரியருக்கே அந்த ஊர்ப் பிள்ளைகளை ஒப்படைத்தால் பயணமும் குறையும். எரிபொருள் இல்லாத காலத்திலும் துவிச்சக்கரவண்டியில் போய்வரலாம்.

யூனிகோட் சுற்றறிக்கைக்கு எதற்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. அதை இந்தத் தவணைக்குள்ளேயே விடுக்கலாம். ஏனையவற்றுக்கு, விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், வலுவிழந்தோர் அமைப்புகளின் பிரதிநிதிகள் ஆகியோர் அடங்கிய ஒரு சிறு குழுவை அமைத்து, வரைவுத் திட்டத்தைத் தயாரிக்க ஒரு காலக்கெடு குறித்துத் தரும்படி வேண்டுகிறேன். அந்தக் குழுவின் முதற் கூட்டம் மாலை வேளையிலோ சனிக்கிழமையிலோ நடந்தால், கூலிவேலைக்குப் போகும் தாய்மாரும் அதற்கு வர முடியும்.

இங்ஙனம்,
விசேட கல்வி அலகு ஆசிரியை ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.