பாப்பாவுக்கு: மிஸ்ஸுக்கு என்ன வாங்குவது?

அன்புள்ள பாப்பா,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். எல்.கே.ஜி. அம்மாக்கள் குரூப்பில் கிறிஸ்துமஸுக்குத் தலைக்கு 500 போட்டு மிஸ்ஸுக்கு வெள்ளி விளக்கு வாங்கலாம் என்று ஒருத்தர், இல்லை மைக்ரோவேவ்தான் என்று இன்னொருத்தர், வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ரிமோட் கார் கொடுக்கப் போகிறேன் என்று மூன்றாவது ஒருத்தர். நீ பெங்களூரிலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டைக்கு வந்தது இந்த வருஷம்தான். "இங்க என்ன பழக்கம்னே தெரியல அத்தை" என்கிறாய். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் டிசம்பர் பிறந்தால் முத்தியால்பேட்டையில் என்னைப் பார்க்கிற சின்னப் பிள்ளைக்காரிகள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. பாப்பா என்று கூப்பிட இந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தி இருக்கிறாள், கவலைப்படாதே.

முதல் வேலையாகப் பள்ளி டைரியைப் புரட்டிப் பார். ஆசிரியர்களுக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்று பல பள்ளிகள் அதிலேயே அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. அரசுப் பள்ளி என்றால் நடத்தை விதிகள் வேறு இருக்கின்றன. தடை இருந்தால் விஷயம் அதோடு முடிந்தது, ஒரு வாழ்த்து அட்டை போதும்.

தடை இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வெள்ளி விளக்கு வேண்டவே வேண்டாம். நர்சரி வகுப்பிலேயே காலம் தள்ளியவள் சொல்கிறேன், கேள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஒரு பையன் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கடிக்கிறான் என்று வை. அதை அவன் அம்மாவைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொல்வது மிஸ்ஸின் வேலை. அந்த அம்மா விளக்குக்கு முன்னால் நின்று பணம் வசூல் செய்தவராக இருந்தால்? சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். பெரிய பரிசு வாங்கிய கைக்கு ரிப்போர்ட் கார்டில் நிஜத்தை எழுதுவது கஷ்டம். குரூப்பில் 500 போட முடியாத வீடும் இருக்கும். அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், கடன் வாங்கியாவது போடுவார்கள். வசூல் செய்தே ஆக வேண்டும் என்றால் "இஷ்டப்பட்டதைப் போடுங்கள், யார் எவ்வளவு என்ற பட்டியல் குரூப்பில் வராது" என்று நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. நிறைய பேர் மனசுக்குள் உனக்கு நன்றி சொல்வார்கள். தனியாகக் கொடுப்பதானால் 200 ரூபாயைத் தாண்டாதே.

200 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பாய். எது வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். "வேர்ல்ட்ஸ் பெஸ்ட் டீச்சர்" என்று எழுதிய கப், போட்டோ ஃபிரேம், சுவர்க் கடிகாரம். ஒவ்வொரு மிஸ் வீட்டுப் பரணிலும் இவற்றுக்கென்று ஓர் அட்டைப் பெட்டி உண்டு. கல்யாண வீடுகளுக்கு அது காலியாகிக்கொண்டே இருக்கும், டிசம்பரில் மறுபடி நிரம்பும். உன் கல்யாணத்துக்கு வந்த கடிகாரங்களில் சில எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். புடவையும் வேண்டாம். ஃபால்ஸ் அடிக்க வேண்டும், ஜாக்கெட் தைக்க வேண்டும், தையல் கூலியே பரிசைத் தாண்டிப் போய்விடும். நிறம் பிடிக்கவில்லை என்றாலும் ஒரு நாளாவது உன் கண்ணில் படும்படி கட்டிக்கொண்டு வர வேண்டும்.

மிஸ்ஸுக்கு டிசம்பரில் போவது தொண்டை. மழையும் பனியும் மாறி மாறி வரும், வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும், ஆண்டு விழா ஒத்திகையில் கத்திக் கத்தி மார்கழியில் குரலே இருக்காது. ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் நல்ல பனங்கற்கண்டு, கூடவே சுக்கு, மிளகு, திப்பிலி இடித்த பொடி ஒரு பொட்டலம். இதைக் கொடுத்தால் அன்று மாலையே திறப்பார்கள். பனங்கற்கண்டைப் பார்த்து வாங்கு. ஒரே அளவில் பளபளத்தால் சந்தேகப்படு. நல்லது பழுப்பாக, கோணல் மாணலாக இருக்கும். இல்லையா, வகுப்புக்கு ஆகிற சாமான் கொடு: சார்ட் பேப்பர், நல்ல ஸ்டேப்ளரும் பின்னும், ஃபெவிகால், பிள்ளைகளுக்குப் படித்துக்காட்ட ஒரு படக்கதைப் புத்தகம். இதற்கெல்லாம் பல மிஸ்கள் சொந்தக் காசைத்தான் போடுகிறார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவே கிடையாது. ஒரு கடிதம். "தங்கள் சேவைக்கு நன்றி" மாதிரி இல்லை. "ஜூனில் கத்தரிக்கோலைப் பார்த்தாலே அழுதான். இப்போது அவனே வட்டம் வெட்டுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கைபிடித்துப் பழக்கியது என்று சொன்னான்" என்கிற மாதிரி, நீ கண்ணால் பார்த்த ஒன்றை எழுது. அதைவிட முக்கியம், அதன் பிரதி ஒன்றைப் பள்ளி முதல்வருக்கோ தாளாளருக்கோ கொடுத்துவிடு. தனியார் பள்ளியில் சம்பள உயர்வு பேசும்போது மிஸ்ஸின் பக்கம் பேச ஒரு தாளாவது இருக்கும். மைக்ரோவேவ் அந்த வேலையைச் செய்யாது.

எப்படிக் கொடுப்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. காலையில் வகுப்பு நடுவில் பையனை விட்டுக் கொடுக்கச் சொல்லாதே. ஒருவன் எழுந்து பெரிய கிஃப்டை நீட்டினால் வெறுங்கையோடு வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான்கு வயசுக்கு அது நன்றாகப் புரியும். ஒரு வருஷம் அப்படி ஒரு பையன் தன் பென்சில் டப்பாவைத் திறந்து, தேய்ந்துபோன ரப்பரை எடுத்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு எழுத ரப்பர் வேண்டுமே என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். மாலையில் கேட்டில் விடும்போது நீ கையில் கொடு, போதும்.

வைத்திக்குப்பத்திலிருந்து வந்த ஒரு குழந்தையின் பாட்டி செய்தித்தாளில் சுற்றி நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினார். ஸ்டாஃப் ரூம் முழுக்க வாசனை, சைவக்கார மிஸ் ஒருத்தர் வராண்டாவுக்கே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டுக் குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. எந்த மிஸ் எதைச் சாப்பிடுவார் என்று தெரிந்திருந்தால் வீட்டுப் பண்டத்துக்கு ஈடு கிடையாது.

சரி, யார் யாருக்கு என்று எண்ணும்போது பாதிப் பேர் மிஸ்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆயாம்மா இருக்கிறார். உன் பையன் டிரவுசரில் போய்விட்டால் கழுவி மாற்றிவிடுவது அவர்தான். வேன் ஓட்டுகிற அண்ணன் இருக்கிறார், கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார். இவர்களுக்குப் பொருள் தேடி அலையாதே. கவரில் பணம் வை, ஒரு ரூபாய் சேர்த்து 301 என்றோ 501 என்றோ. ஆயாம்மா வேளாங்கண்ணி மாதா படம் மாட்டியவர் என்றால் கிறிஸ்துமஸுக்கு முன்னால், இல்லையென்றால் பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால். பண்டிகை முடிந்து வருகிற பணம் பண்டிகைக்கு ஆகாது. உன்னிடம் இருக்கிற மொத்தக் காசு கொஞ்சம்தான் என்றால் மிஸ்ஸுக்குக் கடிதம், ஆயாம்மாவுக்குக் கவர். என் கணக்கு இதுதான், மிஸ்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இனி பிள்ளைகளுக்கு. ரிமோட் கார்க்காரரைப் பார்த்து மிரளாதே. ஆனால் குரூப்பில் பட்டன் பேட்டரி பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். வெளிச்சம் வருகிற மோதிரம், பாட்டுப் பாடுகிற கிறிஸ்துமஸ் அட்டை, பளிச்சென்று எரிகிற செருப்பு எல்லாவற்றிலும் அந்த வட்டச் சில்லுதான் இருக்கிறது. பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துவிடும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகிற கலர் ஜெல் மணிகளும் அப்படித்தான், வயிற்றுக்குள் போய்க் குடலை அடைத்துக்கொள்ளும். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இதெல்லாம் கொட்டிக் கிடக்கும், விலையும் கையைக் கடிக்காது. அங்கே துணி வாங்கு, பழைய புத்தகம் வாங்கு. பொம்மை என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்காமல் எடுக்காதே, 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

தின்பண்டம் கொடுப்பதில் இந்த ஊரில் கொஞ்சம் விவரம் வேண்டும். மிஷன் வீதிப் பக்கம் கேக் வாசனை மூக்கைத் துளைக்கும், உனக்கும் வாங்கத் தோன்றும். நம்ம ஊர் விவிக்கம் கேக் என்றால் ரவையும் வெண்ணெயும், ரம்மில் ஊறப்போட்ட உலர்பழமும். பெரியவர்களுக்கு அமிர்தம், எல்.கே.ஜி.க்கு ஆகாது. பிளம் கேக்கும் ரம் போட்டதா போடாததா என்று கடையில் கேட்டு வாங்கு. முட்டை வேறு. டிசம்பரில் பாதி வீடுகளில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள், முட்டை சேர்த்த பண்டம் வாசல் தாண்டாது. பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று பொட்டலம் கட்டிவிடாதே. ஐந்து வயசுக்குள் முழுக்கொட்டை மூச்சுக்குழாயில் சிக்கும், சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமையும் உண்டு. ஆக, தின்பண்டமே வேண்டாம் என்பதுதான் லேசான வழி.

எனக்குப் பிடித்தது அகல்விளக்கு. கார்த்திகை முடிந்ததும் மண் அகல் மலிவாகக் கிடைக்கும். ஒரு வெறும் அகல், ஒரு சின்னத் தூரிகை, அவ்வளவுதான். பிள்ளைகள் வீட்டில் வர்ணம் அடித்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் அழகாக வேண்டும் என்றால் வில்லியனூருக்குப் போ. அங்கே சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கைக்கடக்கமாக யானை, குதிரை கேட்டுப் பார். திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மைக்கும் அந்தக் குறியீடு உண்டு. விழுந்தாலும் மண் மாதிரி நொறுங்காது, ஆனால் விலை கொஞ்சம் கூடும், வகுப்பு மொத்தத்துக்கும் கட்டாது. மிஸ்ஸுக்கு ஒன்று வாங்கலாம். அரவிந்தர் ஆசிரமத்துக் கையால் செய்த காகிதம் தெரியுமல்லவா, பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்வார்களே, அதில் சின்ன நோட்டு கிடைத்தால் பிள்ளைகள் கிறுக்குவதற்கு ரொம்ப நல்லது. இல்லாவிட்டால் தடிமனான கிரேயான் நான்கு. மெல்லியது அந்தக் கைக்குள் ஒடிந்துவிடும்.

விதை கொடுக்கிற பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் கடையில் பாக்கெட்டில் வருகிற காய்கறி விதைகளில் பல மருந்து தடவியவை. இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும், நான்கு வயசுக் கண்ணுக்கு அது மிட்டாய். சமையலறை வெந்தயத்தையே ஒரு ஸ்பூன் மடித்துக் கொடு. இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். அதற்குமேல் காத்திருக்கிற பொறுமை அந்த வயசுக்குக் கிடையாது.

எதைக் கொடுத்தாலும் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நிறம். இதை மட்டும் மறக்காதே. பாதி பச்சை, பாதி சிவப்பு என்று அனுப்பினால் "எனக்குப் பச்சைதான் வேணும்" என்று ஆரம்பித்து வகுப்பே அழும், மிஸ் அன்றைக்கு உன்னைச் சபிப்பார். பொட்டலத்தில் பெயர் எழுதாதே, பெயர் பார்த்துக் கொடுக்கவே ஒரு பீரியட் போய்விடும். எண்ணிக்கையை மிஸ்ஸிடம் கேட்டு, அன்று வராத பிள்ளைகளையும் சேர்த்து, அதற்குமேல் மூன்று நான்கு அதிகம் அனுப்பு. அகல் என்றால் வழியிலேயே ஒன்றாவது உடையும். செலோ டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டாதே, பிள்ளைகளால் பிரிக்க முடியாது, அத்தனையையும் ஆயாம்மா பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். பளபள பிளாஸ்டிக் தாளை விட்டுவிடு. ஸ்வீட் பாக்ஸ் மேல் சுற்றுகிற அந்தத் தாள் 2022 ஜூலையிலிருந்தே தடை. பழைய காலண்டர் தாள், ஒரு சணல் கயிறு, ஒரு முடிச்சு.

கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட் என்று சீட்டுக் குலுக்கி ரகசியமாகப் பரிசு கொடுக்கிற விளையாட்டை எல்.கே.ஜி.யில் வைக்க வேண்டாம் என்று குரூப்பில் சொல்லிவிடு. அந்த வயசில் ரகசியம் பள்ளி வேன் வரைக்கும்கூட நிற்காது.

வில்லியனூருக்குப் போவதாக இருந்தால் ஒரு நாள் முன்னால் சொல், நானும் வருகிறேன். பேரம் பேச உனக்கு வராது. வேலை நாளில் காலையிலேயே போய்விடலாம், பையனை மாமாவிடம் விட்டுவிட்டு வா. அவனைக் கூட்டிக்கொண்டு போனால் அங்கே இருக்கிற யானை எல்லாம் அவனுக்கே வேண்டும் என்பான்.

அன்புடன்,
அத்தை