துப்புச் சீட்டைத் திருத்தித் தந்தவர்களுக்கு

அன்புள்ள அக்காக்களே, அண்ணன்களே, ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை 45 பேர், 9 அணிகளாக, ஆளுக்கொரு தொப்பியோடு சென்னையைச் சுற்றி வந்தோம். ஓர் உறை, அதற்குள் ஒரு துப்பு. அதை அவிழ்த்தால் இந்த ஊர் போராடிய ஓர் இடம் தெரியும். அங்கே போனால் அடுத்த துப்பு. தங்கசாலையில் தொடங்கி மெரினாவில் உழைப்பாளர் சிலையருகே முடித்தோம். நீங்கள் இல்லாமல் பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டோம்.

தங்கசாலைத் தெரு டிபன் கடை அக்கா, எங்கள் உறைகளைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். 1938இல் இந்து தியாலஜிக்கல் பள்ளி முன்பு கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து, குழந்தைகளோடு சிறைக்குப் போன பெண்களைப் பற்றி ஓர் அணி உரக்கப் படித்தது. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள். அப்புறம் அந்த அணியிடம் காசே வாங்கவில்லை.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் வேலை செய்யும் அண்ணன், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடத்துக்கும் ஒவ்வொரு அணியையும் நீங்களே கூட்டிப்போனீர்கள். எழுத்துத் தெரியட்டும் என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டீர்கள். அதே இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதாகி, 1939இல் சில வார இடைவெளியில் சிறைக்கைதிகளாகவே இறந்தவர்கள் அவர்கள். எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகையைத் தினமும் பஸ்ஸில் கடக்கும் ஒரு கல்லூரி மாணவி, "அது ரெண்டு பேரா? ஒருத்தர் பேருன்னுல்ல நெனச்சேன்" என்றாள். நீங்கள் பக்கத்தில் இருந்த செடியிலிருந்து பூப் பறித்து அவள் கையில் கொடுத்தீர்கள். இந்த விளையாட்டை எதற்காக யோசித்தோமோ, அது அந்த இடத்தில் நடந்தது.

அண்ணா சாலையில் "இப்போது இங்கே இல்லாத சிலை" என்ற துப்பில் மாட்டிக்கொண்ட மூன்று அணிகளுக்கு வழிகாட்டிய ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் துரைக்கு அங்கே சிலை இருந்தது, அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது, 1937இல்தான் அகற்றினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. மீட்டர் போடாமலே, அந்தச் சிலை இப்போது இருக்கும் அருங்காட்சியகம் வரைக்கும் கொண்டுவிட்டீர்கள்.

கடைசியாக, புளியந்தோப்பு ஐயா. பின்னி ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவர் நீங்கள். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தொடங்கியதையும் அந்த ஆலையின் 1921 வேலைநிறுத்தத்தையும் பெருமையாக எழுதியிருந்த எங்கள் துப்பைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "சரி, எரிஞ்ச குடிசைங்க எங்கப்பா?" என்று கேட்டீர்கள். அந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டதும், புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததும் எங்கள் சீட்டில் இல்லை. படித்தபோது கண்ணில் பட்டதுதான். விளையாட்டுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அது தவறு. நீங்கள் கோபப்படாமல் திண்ணையில் இடம் கொடுத்து, உங்கள் பாட்டி சொன்னதையெல்லாம் சொன்னீர்கள். அந்த அணி கடைசியாகத்தான் மெரினா வந்து சேர்ந்தது. வந்ததும் மற்ற எட்டு அணிகளையும் மணலில் உட்காரவைத்து, நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னார்கள்.

துப்பை மாற்றி எழுதிவிட்டோம் ஐயா. வரும் ஞாயிறு காலை கொண்டுவருகிறோம். நீங்கள் படித்துச் சரி சொன்ன பிறகுதான் அச்சுக்குக் கொடுப்போம்.

அன்புடன்,
விளையாட்டை அமைத்த நாங்கள் ஆறு பேர்