வீட்டோட மாப்பிள்ளைகள் நாங்க

களுதாவளை, மட்டக்களப்பு

மச்சான்,

உன்ட கடிதத்துக்குப் பதில் போடக் கனநாள் போயிற்று, குறை நினைக்காத. தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் எண்டு எழுதியிருந்தாய், சந்தோசம். இஞ்சயும் எல்லாரும் சுகம். வெற்றிலைக்கு இந்த முறை நல்ல விலை. கோயில் கூட்டத்தில, நிருவாகம் பார்க்கிற வண்ணக்கர் வழக்கம்போல கோவிச்சு எழும்பிப் போய், வழக்கம்போலத் திரும்பி வந்தார். உன்ன இப்பயும் ‘பொருளாளர்’ எண்டுதான் விசாரிக்கிறாங்க.

சொல்ல வந்த விசயம் வேற.

என்ட மருமகன் ஒரு நாள் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு முன்னால வந்து இருந்தான். “மாமா, டவுனில ஒரு வாடகை வீடு பார்த்திருக்கன். நாங்க அங்க போகப் போறம்” எண்டான். மகள் அப்ப டியூட்டியில. அவளுக்கே விசயம் தெரியாது. இந்த வீட்டில என்ன குறை எண்டு கேட்டன். ஒரு குறையும் இல்லையாம். கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தான். கந்தோரில கூட வேலை செய்யிற பொடியன்மார் ‘வீட்டோட மாப்பிள்ளை’ எண்டு கூப்பிடுறாங்களாம். ஆம்பிளையெண்டால் பொஞ்சாதியத் தன்ட வீட்டுக்குக் கூட்டிற்றுப் போய் வச்சிருக்கோணுமாம்.

மச்சான், எனக்குக் கோவம் வரல்ல. திகைச்சுப் போனன். இது எங்கட பக்கத்தில எப்ப இருந்து வெட்கமாச்சு? என்ட அப்பா பழுகாமத்தில இருந்து அம்மாட வளவுக்கு வந்தவர். நானும் கல்யாணம் முடிச்சு இந்த வளவுக்கு வந்தவன். உன்ட அப்பா, உன்ட மாமாமார், எங்களுக்கு அடிச்சு அடிச்சுக் கணக்குப் படிப்பிச்ச வாத்தியார், வயலுக்குள்ள நிண்டு ஒரு சத்தம் போட்டால் வயல் வேலைக்கு நிக்கிற முல்லைக்காரன் எல்லாம் ஓடி வாற பெரிய வயல்காரப் போடியார், எல்லாரும் பொஞ்சாதிட வீட்டில இருந்தவங்கதானே. அவங்களை ஆர் ஆம்பிளை இல்ல எண்டது? காத்தான்குடியிலயும் அக்கரைப்பற்றிலயும் முஸ்லிம் ஆக்களும் வீட்டை மகளுக்குத்தான் கொடுக்காங்க. குடி எண்டு சொல்ற எங்கட பரம்பரை தாய்வழியால வருது. கோயிலில எனக்கும் உனக்கும் கிடைக்கிற மரியாதை அம்மாட குடியால வந்த மரியாதை. இந்தப் பக்கத்துப் பழைய முக்குவர் சட்டத்தில ஒருத்தன்ட முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, அவன்ட சகோதரிட பிள்ளைகளுக்குத்தான் போகும். 1876ல இங்கிலிஸ்காரன் கொண்டுவந்த சட்டத்தோட அது போயிற்று. ஆனா மகளுக்கு வீடு எழுதிறத ஒரு சட்டத்தாலயும் நிப்பாட்ட முடியல்ல.

நீ யாழ்ப்பாணத்தில பெண் எடுத்த நேரம் நாங்க உன்னப் பகிடி பண்ணினது ஞாபகம் இருக்கா? அங்க ஒல்லாந்தர் எழுதி வச்ச தேசவழமைச் சட்டப்படி, பொஞ்சாதி தன்ட காணியை விக்கிறதுக்கும் புருசன் கையெழுத்து வைக்கோணும். ஒரே சாமியக் கும்பிட்டு ஒரே பாசை பேசுற ஆக்களுக்குள்ள, ஒரு பக்கத்தில ஆம்பிளைக்கு அழகு எண்டு சொல்றது மறுபக்கத்தில கேலி. இப்படி ஊருக்கு ஊர் மாறுற ஒண்டை இந்தப் பொடியன் தன்ட ரத்தத்தில கிடக்கு எண்டு நினைக்கிறான். அதுதான் எனக்குப் பொறுக்க முடியல்ல.

எங்க இருந்து வந்தது எண்டு யோசிச்சன். இந்தியாப் படத்தில வீட்டோட மாப்பிள்ளை எப்பயும் கோமாளி. மாமியார்ட சேலை துவைப்பான், மாமனார்ட்ட ஏச்சு வாங்குவான். நாங்க சின்ன வயசில இருந்து அதைப் பார்த்துச் சிரிச்சவங்க. பிறகு அரசாங்கத்துப் படிவம். எந்தக் கடதாசியை எடுத்தாலும் ‘குடும்பத் தலைவர்’ எண்டு ஒரு கட்டம் இருக்கும், அதுக்குள்ள ஆம்பிளைட பேரத்தான் போடுவாங்க. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில எத்தனையோ வீடு அப்படித்தான் புருசன்மார்ட பேருக்குப் போச்சு. அழிஞ்ச வீடு அவள்ட சீதனம், புதுவீட்டுக் கடதாசியில அவள்ட பேர் இல்ல. வாவிக்கு மேற்கால, படுவான்கரையில அரசாங்கம் பெர்மிட்டில கொடுத்த காணியும் அந்தக் கதைதான். 1935ம் ஆண்டுச் சட்டத்தில, தனக்குப் பிறகு காணிக்கு உரித்தான பின்னுரித்தாளி ஆரெண்டு எழுதி வைக்காமச் செத்தால் வரிசையில மகளுக்கு முன்னால மகன். அதைத் திருத்த 2022 வரைக்கும் போச்சு. அவ்வளவு காலமும் கச்சேரி எண்ட அரசாங்கக் கந்தோர்க் கடதாசி எங்கட பொடியன்மாருக்குப் பாடம் படிப்பிச்சுக்கொண்டே இருந்திருக்கு.

சுனாமி எண்டு எழுதினதும் கை நிண்டு போச்சு. உன்ட அக்காவை நினைச்சன். இந்தக் கரையில ஆம்பிளைகளை விடப் பொம்பிளைகள்தான் கூடச் செத்தாங்க. நீயும் நானும் ஆத்தில குதிச்சுக் குதிச்சு நீந்தப் பழகினம், தென்னையில ஏறப் பழகினம். அக்கா கரையில எங்கட உடுப்பை வச்சுக்கொண்டு நிற்பா. பொம்பிளைப் பிள்ளை தண்ணிக்குள்ள இறங்கப்படாது, மரத்தில ஏறப்படாது. அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை காலம்பற கல்லாத்தில அவ இடுப்பில பிள்ளையோட, கால்ல சுத்தின சேலையோட ஓடினா. உன்ட மச்சினன் மரத்தைப் பிடிச்சுத் தப்பினார், இண்டுவரைக்கும் ஆர்ட முகத்தையும் நிமிந்து பார்க்கிறதில்ல. கடல் ஆம்பிளை பொம்பிளை பார்த்து வரல்ல. இப்படி வளர்த்தது நாங்கதான்.

அதுக்காக எங்கட வழமையில எல்லாம் சரி எண்டு நான் சொல்லல்ல. உனக்குத் தெரியாததா? தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடியும்வரைக்கும் நீ சவூதியில கிடந்தாய். கடைசி வீட்டுக்கு ஓடு போட்ட வருசம் உன்ட தலை நரைச்சிற்று. ஊரெல்லாம் “ஆம்பிளைப் பிள்ளை எண்டால் அவன்தான்” எண்டு சொல்லிச்சு. உனக்கு எப்படி இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. மகள்மாரைப் பெத்த ஏழைத் தகப்பன், வீடு இல்லாமக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போற பிள்ளை, இதுவும் இந்த வழமைதான். வீடு அவள்ட பேரில இருந்தாலும் கோயில் கூட்டத்தில கதைக்கிறது நாங்க. வண்ணக்கராக ஒரு பொம்பிளையை நான் கண்டதில்ல. தொண்ணூறில, யுத்த நேரம், புருசன்மாரைப் பறிகொடுத்த பொம்பிளைகள் கச்சேரி, ஆமிக் கேம்ப், கோர்ட் எண்டு ஏறி இறங்கிப் பிள்ளைகளை வளர்த்தாங்க. அவங்களைக் கல்யாண வீட்டில முன்னுக்கு வர விட்டமா?

மருமகன் நல்ல பொடியன் மச்சான். மகளுக்கு ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி எண்டால் பேரனை அவன்தான் பார்க்கிறான். பால் கரைச்சுக் கொடுப்பான், நெஞ்சில போட்டு நித்திரையாக்குவான். நான் கண்டதைச் சொல்றன். ஊர் அடங்கினாப் பிறகு கிணத்தடியில லைட்டைப் போடாமப் பிள்ளையிட துணியைச் சவுக்காரம் போட்டுக் கும்முவான். மூணு தண்ணியில அலசி, பிழிஞ்சு, உதறி, ரோட்டுப் பக்கத்துக் கொடியில போடாமப் பின்னுக்கு முருங்கைக்கும் குசினித் தூணுக்கும் இடையில கட்டின கயித்தில போடுவான். பலாரென்று விடிய முந்தி, அரை ஈரத்தோட எடுத்துக்கொண்டு உள்ளுக்குப் போயிருவான். தன்ட பிள்ளைட துணியைத் தோய்க்கிறதுக்கு ஒரு தகப்பன் ஏன் மச்சான் ஒளிக்கோணும்?

அவன்ட தாய் வந்த நேரம், “பெத்து வளர்த்தது பொஞ்சாதிக்கு வேலை செய்யவா மனே?” எண்டு கேட்டுப் போட்டுப் போனா. அதுக்குப் பிறகுதான் இந்த வாடகை வீட்டுக் கதை. நான் அவனுக்குச் சொன்னன்: “போறதெண்டால் போங்க மகன், ஆனா முதல்ல அவளிட்டக் கேளுங்க. அவள் ராவேலைக்குப் போனால் டவுனில பிள்ளையை ஆர் பார்க்கிறது எண்டும் யோசிங்க. வெட்கத்தில மட்டும் போகாதீங்க.” ஒண்டும் சொல்லல்ல. மகளோட கதைச்சிருக்கான் போல, ரெண்டு பேரும் முகம் குடுக்கிறதில்ல. வாடகை வீட்டுக்கு இன்னும் முற்பணம் கொடுக்கல்ல எண்டு மட்டும் தெரியும்.

இப்ப உன்னட்ட வாறன். உன்ட மூத்தவன் நேர்சிங் படிக்கப் போறன் எண்டதுக்கு, “ஆம்பிளைப் பிள்ளைக்கு அது என்ன படிப்பு” எண்டு நீ எழுதியிருந்தாய். அதை வாசிச்சுக் கவலைப்பட்டன், பதில் பிந்தினதுக்கு அதுவும் ஒரு காரணம். நீ எங்கட கூத்துக் களரியில சேலை உடுத்து, மார்பு கட்டி, கொண்டை வச்சு, விடிய விடியத் திரௌபதைக்கு ஆடினவன். வடமோடிக் கூத்துத் தாளத்துக்கு உன்ட கால் போற வேகத்தைப் பார்க்க அயல் ஊரெல்லாம் வந்து குந்தியிருந்தது. கூத்துப் பழக்கின அண்ணாவியார் உனக்குத்தான் முதல் சால்வை போட்டார். அண்டைக்கு உனக்கு இல்லாத வெட்கம், ஒரு நோயாளிட காயத்தைக் கழுவிக் கட்டப்போற உன்ட மகனுக்கு எதுக்கு? தாத்தா கடைசியாக் கிடக்கக்குள்ள அவரைத் திருப்பிப் படுக்க வச்சது அவன் எண்டு நீயே எனக்குச் சொன்னாய்.

நீ அவனுக்கு ஓம் எண்டு சொல்லு. உனக்குச் சொல்ல வாய் வராட்டி அவன்ட போன் நம்பரை அனுப்பு, நான் கதைக்கிறன். விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி எப்ப எண்டும் மறக்காம எழுது.

உன்ட மச்சான்